பகையின் நடுவே ஓடிய எரிவாயு: கத்தர் – அமீரகக் குழாய்ப்பாதையின் வரலாறு

ஹிஜ்ரி 1438 ரமளான் பிறை 10, அதாவது 2017 ஜூன் 5ஆம் நாள், ஸவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நான்கு அரசுகள் கத்தருடனான உறவைத் துண்டித்துக்கொள்வதாக அறிவித்தன. கத்தருக்கு இருந்த ஒரே தரைவழியான ஸல்வா எல்லை அடைக்கப்பட்டது. அந்நாட்டு மக்கள் நோன்பு திறக்கும் பாலும் தயிரும்கூட அவ்வழியாகவே வந்துகொண்டிருந்தன. கத்தரின் விமானங்களுக்கு வான்வழி மறுக்கப்பட்டது. கத்தர் கொடி தாங்கிய கப்பல்கள் ஜபல் அலீ, ஃபுஜைரா துறைமுகங்களை அணுகலாகாது என ஆணை பிறந்தது. இரண்டு நாள் கழித்து, கத்தருக்கு அனுதாபம் காட்டி எழுதுவோருக்கு 3 முதல் 15 ஆண்டுவரை சிறைத்தண்டனை கிடைக்கும் என்று அமீரகத் தலைமை வழக்குரைஞர் எச்சரித்தார்.

இத்தனையும் அடைபட்ட பின்னரும் ஒன்று அடைபடவில்லை. கத்தரின் ராஸ் லஃப்பானிலிருந்து அபூதபீயின் தவீலாவுக்குக் கடலடியில் செல்லும் குழாயின் வழியே, நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கோடி கன அடி எரிவாயு அன்றும் சென்றது, மறுநாளும் சென்றது. மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் நீடித்த அப்பிணக்கின் காலம் முழுவதும் அது நிற்கவில்லை. அனுதாபச் சொல் குற்றமாகிவிட்ட ஒரு நாட்டில், விளக்கெரிந்ததும் குடிநீர் வந்ததும் கணிசமான அளவுக்கு அந்த 'விலக்கப்பட்ட' அண்டை நாட்டின் எரிவாயுவால்தான். இது எவ்வாறு நேர்ந்தது என்பதை ஆராய்வதே நமது நோக்கம்.

இக்காலகட்டத்தைக் குறிக்கும் சொல்லிலேயே இரு தரப்பும் வேறுபட்டன. கத்தர் இதை 'ஹிஸார்', அதாவது முற்றுகை என்றது. எதிர்த்தரப்போ 'முகாத்தஆ', அதாவது உறவு துண்டிப்பு என்றது. அரபு நாளேடுகளில் இவ்விரு சொற்களில் எது வருகிறது என்று பார்த்தாலே அவ்வேடு எந்தப் பக்கம் என்பது விளங்கிவிடும். நாம் 'தடை' என்ற பொதுச் சொல்லையே இங்கு ஆளுகிறோம்.

முத்துக் காலத்து வழக்கம்

பகையும் பிழைப்பும் ஒரே கடலில் அருகருகே நடப்பது வளைகுடாவுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கரை மக்களின் செல்வம் முத்து. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களையும் சலாபத்தையும் அறிந்த நம் கடற்கரை ஊர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மன்னாரில் சலாபம் அரசின் ஏகபோகமாக இருந்தது. பாரசீக வளைகுடாவிலோ, அரபுக் கரையின் முத்துப்பார்கள் எந்த ஒரு குலத்துக்கும் தனியுரிமையாகக் கருதப்படவில்லை. கரையோர அரபுகள் அனைவருக்கும் பொதுவானவையாகவே வழங்கின. கரையில் வாளேந்தி நின்ற குலங்களின் படகுகள் கோடையில் ஒரே பாரின் மேல் நங்கூரமிட வேண்டியிருந்தது.

ஆகவேதான் 1835இல் ஆங்கிலேய அதிகாரியின் இடையீட்டால் அபூதபீ, துபை, ஷார்ஜா, அஜ்மான் ஷைகுகள் செய்துகொண்ட முதல் கடற்போர் நிறுத்தம், முழு ஆண்டுக்குமான சமாதானமாக அமையவில்லை. முத்துக்குளிப்புப் பருவத்துக்கு மட்டுமான சமாதானமாகவே அமைந்தது. அதன் பின்னர் அது புதுப்பிக்கப்பட்டு, 1843இல் பத்தாண்டுக்கும் 1853இல் நிரந்தரமாகவும் ஆயிற்று. அது கடலை மட்டுமே கட்டுப்படுத்தியது, தரைச் சண்டையைத் தடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கத்தர் அவ்வுடன்படிக்கையில் சேரவில்லை. 1867இல் பஹ்ரைனும் அபூதபீயும் இணைந்து தோஹாவையும் வக்ராவையும் தாக்கிச் சூறையாடிய வரலாறு உண்டு. மறு ஆண்டு ஆங்கிலேயர் தலையிட்டு முஹம்மத் பின் ஸானியுடன் உடன்பாடு செய்தனர். ஆக, 2017இன் பகைக்கு மிகப் பழைய வேர்கள் உண்டு.

ஜப்பானின் வளர்ப்பு முத்தும் 1929க்குப் பிந்தைய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் அந்தத் தொழிலை அழித்தன. அந்த இடத்தை எண்ணெய் நிரப்பியது. எண்ணெய் வந்ததும் பொதுவான பார்கள் என்ற வழக்கம் மறைந்து, கடலிலும் கோடு கிழிக்கும் காலம் வந்தது. 1969இல் கத்தரும் அபூதபீயும் கடல் எல்லை வகுத்தபோது, எல்லையில் அமைந்த அல்புந்துக் எண்ணெய் வயலைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென முடிவு செய்தன. பழைய வழக்கத்தின் ஒரு சிறு துண்டு அவ்வளவில் எஞ்சியது.

வடக்கு வயலும் அடைபட்ட வழிகளும்

1971இல், கத்தர் விடுதலை பெற்ற அதே ஆண்டில், அதன் வடகிழக்குக் கடலில் ஷெல் நிறுவனம் ஒரு பெரும் எரிவாயு வயலைக் கண்டறிந்தது. எண்ணெய் தேடியவர்களுக்கு எரிவாயு கிடைத்தது அன்று ஏமாற்றமாகவே இருந்தது; கப்பலில் ஏற்றி விற்க முடியாத பொருளுக்கு அன்று மதிப்பில்லை. 'வடக்கு வயல்' எனப் பெயர் பெற்ற அது, ஈரானியர் 'தெற்கு பார்ஸ்' என அழைக்கும் பகுதியையும் சேர்த்து ஏறத்தாழ 9,700 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதில் சுமார் 6,000 கத்தரின் கடலிலும் 3,700 ஈரானின் கடலிலும் உள்ளன. உலகிலேயே மிகப் பெரிய எரிவாயு வயல் இதுவே.

1991இல்தான் அவ்வயலின் எரிவாயு உள்நாட்டுப் பயனுக்கு எடுக்கப்பட்டது. அண்டை நாடுகளுக்குக் குழாய் வழியே விற்பதே எளிய வழி. ஆனால் கத்தரைப் பிறருடன் இணைக்கும் தரை முழுவதும் ஸவூதியுடையது. 1974ஆம் ஆண்டு ஜித்தா உடன்படிக்கையால் கோர் அல்உதைதுக்குக் கிழக்கே ஒரு கரைப்பகுதி ஸவூதிக்குச் சென்றபின், கத்தருக்கும் அமீரகத்துக்கும் பொதுவான தரை எல்லை இல்லாமல் போயிற்று. குவைத்துக்குக் குழாய் அமைக்கும் திட்டம் ஸவூதியின் கடற்பகுதியைக் கடக்க அனுமதி கிடைக்காமையால் கைவிடப்பட்டது. 1995 ஜூனில் ஷைகு ஹமத் பின் கலீஃபா தம் தந்தையை அகற்றி ஆட்சியைக் கைப்பற்றியதும், பதவி இழந்த தந்தை அபூதபீயில் தங்கியதும், 1996இல் எதிர்ப்புரட்சி முயற்சியொன்று முறியடிக்கப்பட்டதும் உறவைக் கசப்பாக்கின.

அண்டை வீட்டு வாசல் அடைபட்டவன் தொலைதூரச் சந்தைக்கு நடந்தான் என்பதுபோல, கத்தர் எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் அனுப்பும் செலவு மிகுந்த வழியை மேற்கொண்டது. 1996 இறுதியில் முதல் கப்பல் ஜப்பானுக்குப் புறப்பட்டது. 2010 இறுதிக்குள் ஆண்டுக்கு 7 கோடியே 70 லட்சம் டன் ஏற்றுமதித் திறனை அது எட்டியது. தடை விதித்தவர்கள் 2017இல் கத்தரைப் பணியவைக்க முடியாமல் போனதற்கு இதுவே தலையாய காரணம் என்பது நமது கருத்து. அதன் வருவாயில் மிகப் பெரும்பகுதி அண்டை நாடுகளின் கைக்கு எட்டாத கடல்வழியில் வந்துகொண்டிருந்தது.

எண்ணெய் உள்ள நாட்டுக்கு எரிவாயு எதற்கு?

அபூதபீயில் எரிவாயு இல்லாமல் இல்லை. 1977 முதலே தாஸ் தீவிலிருந்து டோக்கியோ மின்நிறுவனத்துக்குத் திரவ எரிவாயு அனுப்பிவந்த நாடு அது. ஆனால் அதன் எரிவாயுவில் பெரும்பகுதி எண்ணெயோடு கலந்து வருவது. எண்ணெய்க் கிணற்றின் அழுத்தம் குறையாதிருக்க அதை மீண்டும் நிலத்துக்குள்ளேயே செலுத்த வேண்டியிருந்தது. மற்றொரு பகுதி நச்சுக் கந்தகம் மிகுந்தது. பிரித்தெடுக்கச் செலவு அதிகம். மறுபுறம் நகரங்கள் வானளாவ வளர்ந்தன. குளிரூட்டிகள் இரவும் பகலும் ஓடின. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் எரிவாயுவால் இயங்கின. வளைகுடாவில் எரிவாயு என்பது விளக்கு மட்டுமன்று, அது தண்ணீர். இதை மறந்துவிட்டு இவ்வரலாற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

1999இல் அபூதபீ முன்னெடுத்த 'டால்ஃபின்' திட்டம் இவ்விடத்தில் பிறந்தது. முபாதலா 51 விழுக்காடும், பிரான்சின் டோட்டல், அமெரிக்காவின் ஆக்ஸிடென்டல் ஆகியன தலா 24.5 விழுக்காடும் கொண்ட கூட்டு நிறுவனம் அதை நிறைவேற்றியது. தொடக்கத்தில் கூட்டாளியாக இருந்த என்ரான் 2001இல் விலகியது. அதே ஆண்டின் இறுதியில் அந்நிறுவனமே திவாலாயிற்று. 48 அங்குல விட்டமும் 364 கிலோமீட்டர் நீளமும் கொண்ட குழாய் கடலடியில் பதிக்கப்பட்டது. 2006இல் குழாயின் தடம் குறித்து ஸவூதி ஆட்சேபம் எழுப்பியும் பணி நிற்கவில்லை. 2007 ஜூலையில் முதல் எரிவாயு தவீலாவை அடைந்தது. 2008 தொடக்கத்தில் முழு அளவை எட்டியது. அமீரகத்தின் எரிவாயுத் தேவையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை அது நிறைவு செய்தது.

இங்கு ஒரு சுவையான திருப்பம். அல்ஐன் – ஃபுஜைரா குழாய்ப்பாதை 2004 முதல் ஓமனின் எரிவாயுவை ஃபுஜைராவுக்குக் கொண்டுவந்தது. கத்தரின் எரிவாயு வந்தபின் நிலைமை தலைகீழாயிற்று; ஓமனே 2008 முதல் நாளொன்றுக்கு 20 கோடி கன அடியை அமீரகத்தின் வழியே கத்தரிடமிருந்து பெறலாயிற்று. ஆக மூன்று நாடுகள் ஒரே குழாயில் கட்டுண்டன.

விலையோ வியப்புக்குரியது. ஒப்பந்த விலை பத்து லட்சம் வெப்ப அலகுக்கு ஒன்றரை டாலரைத் தாண்டவில்லை எனத் துறையினர் கணித்தனர். 2014 தொடக்கத்தில் ஆசியச் சந்தையில் திரவ எரிவாயு இதைப் போல் பத்து மடங்குக்கும் மேலாக விற்றது. எனவே இலாபத்துக்காகவே கத்தர் குழாயைத் திறந்து வைத்திருந்தது என்ற எளிய விளக்கம் பொருந்தாது. அதே எரிவாயுவைக் கப்பலில் ஏற்றினால் அதற்குப் பன்மடங்கு கிடைத்திருக்கும்.

அடைக்காமல் விட்ட காரணங்கள்

தடை தொடங்கிய அதே ஜூன் மாதத்தில், கத்தர் பெட்ரோலியத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த ஸஅத் அல்கஅபி அல்ஜஸீராவுக்குப் பேட்டியளித்தார். தடை என்பது ஒப்பந்தத்தை நிறுத்திவைக்க இடமளிக்கும் தவிர்க்கவியலாத சூழ்நிலையே என்றும், குழாயை மூடக் கத்தரால் முடியும் என்றும், ஆயினும் அது அமீரக மக்களுக்குப் பெருந்தீங்கு விளைவிக்கும் என்பதால் சகோதரர்களான அவர்களுக்கு அதைச் செய்யப்போவதில்லை என்றும் அவர் கூறினார்.

இதைப் படித்தபோது நமக்கு ஸுமாமா பின் உஸால் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. யமாமாவின் தானியமே மக்காவின் உணவு. பனூ ஹனீஃபா குலத் தலைவரான ஸுமாமா இஸ்லாத்தை ஏற்று உம்ரா செய்ய மக்கா சென்றபோது குறைஷியர் அவரைக் கடிந்தனர். நபி (ஸல்) அவர்களின் அனுமதியின்றி இனி யமாமாவிலிருந்து ஒரு கோதுமை மணியும் வராது என்று அவர் சத்தியம் செய்து, சொன்னபடியே நிறுத்தினார். மக்கா பட்டினியை உணர்ந்தது. இரத்த உறவைப் பேணச் சொல்லும் தாங்களே எங்களை இவ்வாறு விடலாமா என்னும் கருத்துப்பட குறைஷியர் மதீனாவுக்கு எழுதினர். தானியத்தை விடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஸுமாமாவுக்கு எழுதினார்கள். தடையின் தொடக்கம் ஹதீஸ் நூல்களிலும் முழு விவரம் இப்னு ஹிஷாமின் ஸீரத்திலும் காணப்படுகிறது. அந்தக் குறைஷியர் அப்போதும் எதிரிகளே. மக்கா வெற்றி இன்னும் வந்திருக்கவில்லை.

ஆயினும் இரண்டையும் அப்படியே ஒப்பிடுவது சரியன்று. யமாமாவுக்கு மக்காவிடம் அஞ்ச வேண்டியது எதுவும் இருக்கவில்லை. அங்கே விட்டுக்கொடுத்தது வலிமை. கத்தரின் நிலையோ கலப்பானது. சகோதரத்துவம் என்ற சொல்லை நாம் வெறும் வேடம் என்று தள்ளமாட்டோம். குடும்பங்கள் இரு கரையிலும் கலந்தவை. ஆனால் அச்சொல்லோடு வேறு சில கணக்குகளும் இருந்தன.

முதலாவது, நற்பெயர். ஜப்பான், கொரியா, இந்தியா முதலிய நாடுகள் இருபது, இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தங்களில் கத்தரிடம் எரிவாயு வாங்குவது, எந்தச் சூழலிலும் அது வரும் என்ற நம்பிக்கையில். அரசியல் கோபத்தில் ஒருமுறை குழாயை மூடியவர் என்ற பெயர் வந்தால் அந்த நம்பிக்கை தளரும். 2017 ஏப்ரலில்தான், 2005 முதல் வடக்கு வயலின் மேல் தானே விதித்திருந்த வளர்ச்சித் தடையைக் கத்தர் நீக்கியிருந்தது. புதிய உற்பத்திக்குப் புதிய வாங்குவோரைத் தேட வேண்டிய நேரம் அது. இரண்டாவது, வழக்கு. 2017 ஜூலை இறுதியில் உலக வர்த்தக அமைப்பிலும், 2018 ஜூனில் அனைத்துலக நீதிமன்றத்திலும் கத்தர் அமீரகத்தின்மீது முறையிட்டது. தன்மீது சட்டத்துக்குப் புறம்பான தடை விதிக்கப்பட்டதாக முறையிடுபவர் தாமே ஒப்பந்தத்தை முறித்திருந்தால் அம்முறையீடு வலுவிழந்திருக்கும். மூன்றாவது ஓமன். எல்லைகள் அடைபட்டபின் கத்தரின் சரக்குகள் ஓமனின் ஸுஹார், ஸலாலா துறைமுகங்கள் வழியாகவே வந்தன. குழாயை அடைத்தால் உதவிய ஓமனின் எரிவாயுவும் நின்றிருக்கும்.

அமீரகத்தின் பக்கமும் இதே அளவு மௌனம். அது கத்தரின் கப்பலை மறுத்தது, விமானத்தை மறுத்தது, எரிவாயுவை மறுக்கவில்லை. ஜூன் மாதக் கொடுங்கோடையில் மின்தேவை உச்சத்தில் இருந்தபோது மூன்றில் ஒரு பங்கு எரிவாயுவை இழப்பது எந்த அரசுக்கும் இயலாது. மாற்றாகக் கப்பலில் வாங்குவதெனில் பன்மடங்கு விலை. 2018 மார்ச்சில், தடை உச்சத்தில் இருக்கையில், அல்புந்துக் வயலின் உரிமத்தை அபூதபீயும் கத்தரும் சேர்ந்தே ஒரு ஜப்பானிய நிறுவனத்துக்குப் புதுப்பித்தன. தூதர்கள் பேசிக்கொள்ளாத காலத்தில் எண்ணெய்த்துறையினர் கையொப்பமிட்டனர்.

எல்லாப் பொருளுக்கும் இச்சலுகை கிட்டவில்லை. உலகின் ஹீலியத்தில் கால் பங்குக்கும் மேல் கத்தரில் எடுக்கப்பட்டது. அது கொள்கலன்களில் ஸவூதி எல்லையைக் கடந்து ஜபல் அலீயில் கப்பலேறி வந்தது. எல்லை அடைபட்டதும் ஜூன் நடுவில் இரு ஹீலியம் ஆலைகளும் நின்றன. கடல்வழி மாற்றுப் பாதை கண்டபின் ஜூலையில்தான் இயங்கின. ஒரே வயலிலிருந்து எடுத்த இரு வாயுக்களில், பகைவருக்குத் தேவையானது ஓடியது. அவர் மண்ணை வெறும் வழியாகக் கொண்டது நின்றது. மனிதர்களும் இரண்டாம் வகையிலேயே சேர்ந்தனர். ஒரு மகன் தோஹாவிலும் ஒரு மகன் துபையிலுமாக வாழும் நம் குடும்பங்கள் பல. ஒரு மணி நேரப் பயணம் மஸ்கத் அல்லது குவைத்தைச் சுற்றிச் செல்லும் பயணமாயிற்று.

பொதுவுடைமை என்ற பழைய வினா

தண்ணீர், மேய்ச்சல், நெருப்பு மூன்றிலும் மக்கள் கூட்டாளிகள் என்னும் கருத்துள்ள நபிமொழி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. நெருப்பு என்பதை விறகென்றும் தீமூட்டும் கல்லென்றும் உரையாசிரியர்கள் பலவாறு விளக்கினர். ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் மாவர்தி (மறைவு: ஹிஜ்ரி 450) தமது அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில், வெளிப்படையாகக் கிடைக்கும் கனிமங்களுள் உப்பு, கீல் இவற்றோடு 'நஃப்த்' எனும் எண்ணெயையும் சேர்த்து, அவை தண்ணீரைப் போன்றவை, எவருக்கும் மானியமாக அளிக்கத் தகாதவை என்கிறார். ஆழ்கடலின் அடியில் கோடிக்கணக்கில் செலவிட்டு எடுக்கும் எரிவாயுவை இவ்விதியில் அப்படியே அடக்க முடியாது. உழைத்து எடுப்பதற்கு நம் ஃபுகஹாக்கள் வேறு விதி வகுத்துள்ளனர். ஆனால் அண்டை வீட்டாரின் அடுப்பும் தண்ணீர்க் குடமும் பிணக்கின் கருவியாகலாகாது என்ற உணர்வு அந்நூல்களில் ஆழமாக உள்ளது. 2017இல் அது காக்கப்பட்டது அவ்வுணர்வாலா கணக்காலா என்று பிரித்தறிவது கடினம்.

பரஸ்பரச் சார்பு நட்பைத் தரும் என்று சிலர் எழுதினர். நமக்கு அது ஏற்புடையதன்று. குழாய் பத்தாண்டு ஓடிய பின்னரே தடை வந்தது. குழாய் அதைத் தடுக்கவில்லை. உக்ரைன் வழியே ஐரோப்பாவுக்குச் சென்ற ரஷ்ய எரிவாயு, 2022இல் போர் மூண்ட பின்னரும் ஏறத்தாழ மூன்றாண்டு ஓடி, ஒப்பந்தம் முடிந்து 2025 ஜனவரி 1 அன்றுதான் நின்றது. குழாய் போரைத் தடுப்பதில்லை. பகை எதுவரை போகலாம் என்பதற்கு ஓர் எல்லையை மட்டும் இடுகிறது.

அந்த எல்லையையும் இரு தரப்பும் பின்னர் விரும்பவில்லை என்பதே அடுத்து வந்த ஆண்டுகள் காட்டுவது. கத்தர் 2017 செப்டம்பரில் ஹமத் துறைமுகத்தை முறைப்படி திறந்தது; விமானத்தில் பசுக்களைக் கொண்டுவந்து பால்பண்ணை நிறுவியது; 2019 தொடக்கத்தில் ஒபெக் அமைப்பை விட்டு வெளியேறியது. அமீரகம் 2020 பிப்ரவரியில் அபூதபீக்கும் துபைக்கும் இடையே 80 லட்சம் கோடி கன அடி எரிவாயு கண்டறியப்பட்டதாக அறிவித்து, எரிவாயுவில் தன்னிறைவே இலக்கு என்றது. பராகா அணுமின் நிலையத்தின் முதல் உலை அதே ஆண்டு ஆகஸ்டில் மின்கட்டமைப்பில் இணைந்தது. 2024 செப்டம்பரில் நான்காம் உலையும் இயங்கியபோது நாட்டின் மின்தேவையில் கால் பங்கை அந்நிலையம் ஏற்றது. அணுஉலை கட்டத் தொடங்கியது தடைக்கு முன்பே. ஆயினும் 2017க்குப் பின் அதன் பொருள் கூடிற்று.

2021 ஜனவரி 5 அன்று அல்உலாவில் கையொப்பமான பிரகடனத்தால் தடை முடிவுற்றது. ஸல்வா எல்லை திறந்தது. விமானங்கள் மீண்டும் பறந்தன. கத்தரும் அமீரகமும் தூதரகங்களை மீண்டும் திறக்க 2023 ஜூன் வரை ஆயிற்று. குழாயைப் பொறுத்தவரை திறக்க எதுவும் இருக்கவில்லை. 25 ஆண்டுக்கென எழுதப்பட்ட அதன் ஒப்பந்தம் 2032இல் முடிகிறது. அன்று அபூதபீயில் நான்கு அணுஉலைகளும் புதிய எரிவாயு வயல்களும் இருக்கும். கத்தரிடம் உலகெங்கும் வாங்குவோர் இருப்பர். ஒன்றரை டாலர் விலையில் மீண்டும் எழுதக் கத்தர் இசையாது. சந்தை விலையில் எழுத அமீரகத்துக்கு முன்னைய கட்டாயம் இராது.